சிங்கப்பூர் வீட்டில் நிலைபெயராத நில அதிர்வுமானி அமைத்தல்

சிங்கப்பூரில் நாம் உணரும் நில அதிர்வுகள் பெரும்பாலும் சுமத்ராவில் பிறப்பவை. அத்தீவின் நெடுகே ஓடும் நிலப்பிளவு நமக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. அவ்வளவு தூரம் கடந்து வருவதற்குள் விரைவான அதிர்வுகள் தேய்ந்து, மெதுவாக அசையும் அலைகளே மிஞ்சுகின்றன. 2009 செப்டம்பர் 30 அன்று சுமத்ராவின் பாடாங் நகர் அருகே 7.6 அளவில் நிலம் நடுங்கியபோது இங்கே அடுக்குமாடிகளில் இருந்தவர்கள் உணர்ந்ததும் அவற்றையே. அத்தகைய அலைகளை வீட்டிலேயே பதிவு செய்ய மிகவும் ஏற்றது கிடைமட்ட ஊசல்.

சற்றே முன்சாய்ந்த தூணில் மாட்டிய வாயிற்கதவைப் போல, இதில் ஒரு தண்டு பக்கவாட்டில் மட்டும் அசைகிறது. 60 செ.மீ. நீள அலுமினியக் குழாயின் ஒரு முனையில் 1 கிலோ பித்தளை எடையைப் பொருத்தி, மறுமுனையில் பதித்த சிறு எஃகுக் குண்டை, தூணின் அடியிலுள்ள கடினமான எஃகுத் தகட்டில் ஊன்றி நிற்கச் செய்து, எடைப் பக்கத்தைத் தூணின் உச்சியிலிருந்து துருப்பிடிக்காத மெல்லிய கம்பியால் தாங்க வேண்டும். தண்டுக்கு மரம் வேண்டாம். நம் ஊர் ஈரக்காற்றில் அது உப்பிச் சுருங்கும்.

கருவியின் தரத்தை முடிவு செய்வது அடித்தட்டும் அதன் சாய்வும்தான். கனமான அலுமினியத் தட்டோ கருங்கல் பலகையோ மூன்றே திருகுகளின் மேல் நிற்கட்டும். நான்கு கால்கள் வைத்தால் ஒன்று சரியாகப் பதியாது. தூணின் இருபுறமும் உள்ள திருகுகள் தண்டை நடுவில் நிறுத்த உதவுகின்றன. எடைக்குக் கீழே உள்ள மூன்றாவது திருகு முன்சாய்வையும், அதன் வழியே அலைவு நேரத்தையும், அதாவது தண்டு ஒருமுறை போய்த் திரும்ப எடுக்கும் நேரத்தையும், தீர்மானிக்கிறது. மேற்சொன்ன தண்டுக்கு 1 பாகைச் சாய்வு ஏறத்தாழ 12 வினாடி அலைவு நேரம் தரும். அதை 24 வினாடியாக்கச் சாய்வைக் கால்பங்காகக் குறைக்க வேண்டும். ஆனால் அப்போது தரை இம்மியளவு சாய்ந்தாலும் ஊசல் முன்னைவிட நான்கு மடங்கு விலகி, வெயில் ஏறி இறங்கும்போதே ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். சுமத்ரா அதிர்வுகளுக்கு 12 வினாடி போதும் என்பதே என் உறுதியான கருத்து.

தரை வீடு எனில் கீழ்த்தளத்துச் சேமிப்பறை சிறந்த இடம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில், பாம் ஷெல்டர் எனப்படும் காப்பறையின் மூலை நல்லது, ஏனெனில் அதன் சுவர் தடித்தது, காற்றோட்டமும் வெப்ப மாற்றமும் குறைவு. கருவி தரையில் வெறுமனே நிற்பதால் துளையிடத் தேவையில்லை. மாடி உயர உயரக் கட்டடத்தின் சொந்த ஆட்டமும் பதிவில் கலக்கும் என்பதை மறக்கக்கூடாது. முழுக் கருவியையும் ஸ்டைரோஃபோம் பெட்டியால் மூடி, இடுக்குகளை அடைத்து, உள்ளே சிலிக்கா ஜெல் வையுங்கள்.

தண்டின் எடைப் பக்க முனையில் 3 மி.மீ. செப்புத் தகட்டைப் பொருத்தி, அதன் இருபுறமும் நியோடிமியம் காந்தங்களை நிறுத்தினால், தகட்டில் எழும் சுழல் மின்னோட்டம் அசைவைத் தணிக்கும். தண்டை ஒருபக்கம் தள்ளிவிட்டால் அது நடுவைக் கடந்து, தள்ளிய தூரத்தில் இருபதில் ஒரு பங்கு மட்டும் அப்பால் சென்று அமைதியடைய வேண்டும். அந்நிலை வரும்வரை காந்தங்களை நெருக்கியோ விலக்கியோ பாருங்கள். தண்டில் மாட்டிய மற்றொரு காந்தத்தின் அருகே மெல்லிய செப்புக் கம்பியைப் பல ஆயிரம் சுற்றுகள் சுற்றிய சுருளை நிலையாக வைத்து, அதன் மின்னழுத்தத்தைப் பெருக்கி, மின்னழுத்தத்தை எண்களாக மாற்றித் தரும் 16 பிட் மாற்றி வழியாகக் கணினிக்கு அனுப்புங்கள். உதிரிபாகங்கள் சிம் லிம் டவரில் கிடைக்கும். எம்ஆர்டி, மின்தூக்கி ஆகியவற்றின் விரைவான அதிர்வுகளை 1 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவற்றை நீக்கும் வடிகட்டி அகற்றிவிடும்.

கணினிக் கடிகாரம் இணைய நேரத்தோடு ஒத்திருக்கட்டும். 600 கிலோமீட்டர் தொலைவில் நேரும் அதிர்வில் முதலில் வந்துசேரும் வேகமான P அலைக்கும் அதன்பின் வரும் S அலைக்கும் இடையே ஏறத்தாழ 1 நிமிடம் தெரிய வேண்டும். அந்த இடைவெளி சரியாக வந்தால் பதிவை நம்பலாம்.