பிளஸ் ஒன் குரூப் எடுக்கும்போது தருமபுரி, கிருஷ்ணகிரியில் நடக்கும் தவறுகள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் மே மாதம் வரும்போது கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் சீசன் உச்சத்தில் இருக்கும். பெரியவர்கள் தோப்பிலோ மண்டியிலோ கூழ் ஆலையிலோ இருப்பார்கள். பிள்ளை பக்கத்து வீட்டு அண்ணனைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகும், “எந்த குரூப்ல எடம் இருக்கு சார்?” என்று கேட்கும், சேர்ந்துவிட்டு வந்துவிடும். எந்தக் கல்லூரிக்குப் போக முடியும், எதற்குப் போக முடியாது என்பது அந்த அரை மணி நேரத்திலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

இதில் மூலத் தவறு, மார்க்கை மட்டும் பார்த்து குரூப் எடுப்பது. 450-க்கு மேல் வாங்கினால் பர்ஸ்ட் குரூப் (கணிதமும் அறிவியலும்), 350 என்றால் காமர்ஸ், அதற்கும் கீழே என்றால் வொகேஷனல் என்று ஊருக்குள் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. பத்தாம் வகுப்பு மொத்த மார்க்குக்கும் பிளஸ் டூ குரூப்புக்கும் உள்ள தொடர்பு நாம் நினைப்பதைவிடக் குறைவு. பார்க்க வேண்டியது இரண்டே விஷயம். பிள்ளை போக விரும்பும் டிகிரி எந்தப் பாடங்களைக் கேட்கிறது என்பது ஒன்று. அந்தப் பாடங்களை இரண்டு வருடம் பிடிப்போடு படிக்க முடியுமா என்பது இன்னொன்று. குரூப் பெயரை ஒதுக்கிவைத்துவிட்டு, டிகிரியில் தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள்.

இன்ஜினியரிங்கை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வுக்கான கட் ஆப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதம் முழு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. ஒரு மாணவி கணிதத்தில் 82, இயற்பியலில் 76, வேதியியலில் 80 வாங்கினால் 82 + 38 + 40 = 160. கணிதத்தில் ஒரு மார்க் போனால் கட் ஆப்பில் ஒன்று முழுதாகக் குறையும், இயற்பியலில் போனால் அரைதான் குறையும். இந்தக் கணக்கில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மார்க்குக்கு இடமே இல்லை. ஆனாலும் “பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் போகணும்னா ப்ளஸ் டூவிலயும் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருக்கணும்” என்ற நம்பிக்கை இந்தப் பக்கம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அது தேவையில்லை. பயோ மேக்ஸ் (இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம்) படித்தவரும் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியிலோ செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரியிலோ கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கலாம். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுப்பவருக்கோ உயிரியல் இல்லாததால் மருத்துவம், கால்நடை மருத்துவம், பி.எஸ்சி. நர்சிங் ஆகிய வழிகள் பெரும்பாலும் அன்றே அடைபடுகின்றன. கம்ப்யூட்டர் பிடித்து எடுத்தால் சரி. ‘உயிரியல் படம் வரைய முடியாது’ என்பதற்காக எடுப்பதாக இருந்தால் இன்னொரு முறை யோசிக்க வேண்டும்.

பயோ மேக்ஸ் எல்லா வழியையும் திறந்துவைக்கும் என்பது உண்மைதான். அதனாலேயே எல்லோரையும் அதில் தள்ளுவதும் தவறு. நர்சிங் போக வேண்டும் என்று தெளிவாக இருக்கும் பிள்ளை கணிதத்தில் திணறினால், தாவரவியல், விலங்கியல் தனித்தனியாக உள்ள சயின்ஸ் குரூப் போதும். நர்சிங்குக்கும் நீட்டுக்கும் கணிதம் வேண்டாம். கணிதம் பாஸ் ஆகாமல் பிளஸ் டூவே தங்கிவிட்டால், துணைத்தேர்வில் அதை முடிக்கும்வரை உயிரியலில் வாங்கிய 90-உம் பயன்படாது.

காமர்ஸ் எடுப்பவர்கள் அதற்குள்ளேயே இருக்கும் பிரிவை யாரும் கவனிப்பதில்லை. வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியலோடு நான்காவது பாடம் கணினிப் பயன்பாடா, வணிகக் கணிதமும் புள்ளியியலுமா என்று கேட்டே சேருங்கள். உள்ளூரில் பி.காம். படிக்க எது எடுத்தாலும் போதும். வெளியே பொருளாதாரமோ புள்ளியியலோ படிக்க ஆசை இருந்தால் கணிதம் கேட்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. டெல்லி பல்கலைக்கழகத்தின் பி.ஏ. ஹானர்ஸ் பொருளாதாரம் அப்படி ஒன்று. சட்டப் படிப்புக்கு எந்த குரூப்பும் தடையில்லை. ஐந்தாண்டு பி.ஏ.எல்எல்.பி.க்கு வரலாறு குரூப் மாணவரும் காமர்ஸ் மாணவரும் ஒரே தகுதியில் நிற்கிறார்கள். இது தெரியாமல், வக்கீல் ஆக விரும்பும் பிள்ளையை வேதியியலோடு மல்லுக்கட்ட விடும் வீடுகள் இருக்கின்றன.

வொகேஷனல் குரூப்பைக் கடைசிப் புகலிடமாகப் பார்ப்பது வருத்தமான விஷயம். பொறியியல் கலந்தாய்வில் தொழிற்கல்வி மாணவர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. கோவை வேளாண் பல்கலைக்கழகச் சேர்க்கையிலும் உண்டு. பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். ஆனால் சேரும் முன் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்: “இந்தப் பாடத்துக்கு இப்ப வாத்தியார் இருக்காங்களா?” தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடம் காலியாகவே கிடக்கும் பள்ளிகள் பல. அஞ்செட்டி, தளி, சித்தேரி போன்ற மலைப்பகுதிகளில் இதே கேள்வியை இயற்பியல், கணிதத்துக்கும் கேளுங்கள். இரண்டு பஸ் மாறிப் போகும் பள்ளியாக இருந்தாலும் எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியர் இருந்தால் அது மேல். பஸ் பாஸ் இலவசம்தான். செய்முறை ஆய்வகம் நடக்கிறதா என்றும் விசாரியுங்கள். அறிவியல் பாடங்களில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. அந்த 20 மார்க்குக்காக மட்டும் இல்லை. பிப்பெட்டையும் பியூரெட்டையும் பிளஸ் டூ செய்முறைத் தேர்வன்றுதான் முதன்முதலாகத் தொட்ட பிள்ளைக்குக் கல்லூரி ஆய்வகம் முதல் மாதமே பயம் காட்டும்.

அடுத்த தவறு, காசும் செலவாகி உரிமையும் போகும் வகை. பத்து வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையை, நல்ல மார்க் வாங்கிவிட்டதே என்று பிளஸ் ஒன்னில் தனியார் விடுதிப் பள்ளிக்கு மாற்றுவது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு மருத்துவம், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்துக்கு 2020-இலும் மற்றவற்றுக்கு 2021-இலும் சட்டம் வந்தது. இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. கல்லூரியில் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களுக்கும் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி என்பதுதான் அடிப்படைத் தகுதி. தமிழ்வழியில் படித்த அரசு உதவிபெறும் பள்ளி மாணவருக்கும் அந்த 1000 ரூபாய் உண்டு. தனியாரில் கட்டும் பணத்தையும் இங்கே இழப்பதையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். விடுதியோடு நல்ல பயிற்சி வேண்டும் என்றால் மாவட்டந்தோறும் அரசு மாதிரிப் பள்ளி இருக்கிறது. அதில் சேர்ந்தால் இந்த உரிமைகள் போகாது.

தமிழ்வழியிலிருந்து ஆங்கிலவழிக்கு மாறுவதிலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. டி.என்.பி.எஸ்.சி.யில் தமிழ்வழியில் படித்தோருக்கு 20 சதவீத முன்னுரிமை. டிகிரி கேட்கும் பதவிக்குப் பள்ளி, கல்லூரி எல்லாமே தமிழ்வழியாக இருக்க வேண்டும். அரசு வேலையே குறி என்றால் மாறுவதற்கு முன் இதை யோசியுங்கள். கல்லூரி ஆங்கிலத்துக்குத் தயாராக வேண்டும் என்பதற்காக மீடியத்தையே மாற்ற வேண்டியதில்லை. தினமும் ஒரு பாடத்தின் கலைச்சொற்களை ஆங்கிலத்தில் எழுதிச் சேர்த்துவந்தால் இரண்டு வருடத்தில் முதலாண்டுப் புத்தகம் புரியும் அளவுக்கு வந்துவிடும்.

2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு இல்லை. இதைப் பலர் ‘பிளஸ் ஒன் முக்கியமில்லை’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். பதினொன்றாம் வகுப்புக் கணிதத்தின் கடைசிப் பகுதியில் எல்லையும் வகையிடலும் தொகையிடலும் வருகின்றன. பன்னிரண்டில் வருவது அவற்றின் பயன்பாடுகள். அடிப்படையைத் தாண்டிக் குதித்தவருக்குப் பயன்பாடு எப்படிப் புரியும்? மருத்துவ நுழைவுத் தேர்வான நீட், பொறியியல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. இரண்டிலும் இரண்டு வருடப் பாடமும் வருகிறது. பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் திறக்காமலே ஜூலையில் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கும் பள்ளிகள் உண்டு. அங்கே படிக்கும் பிள்ளையின் பெற்றோர் எச்.எம்.மைப் பார்த்து இதைத் தட்டிக் கேட்க வேண்டும்.

குரூப் முடிவான பிறகு கவனிக்க வேண்டியது தலைமைப் பண்பு. என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்), ஜே.ஆர்.சி. (ஜூனியர் ரெட் கிராஸ்), சாரணர், இலக்கிய மன்றம், மகிழ் முற்றம் என்ற மாணவர் குழு அமைப்பு என்று பள்ளியில் இருப்பவை எல்லாம் ‘நேரத்தை வீணாக்குபவை’ என்று பெற்றோர் தடுப்பது ஒரு பக்கம். சர்டிபிகேட் கிடைக்கும் என்று பிள்ளைகள் எல்லாவற்றிலும் பெயர் கொடுத்துவைப்பது இன்னொரு பக்கம். இரண்டும் வேண்டாம். ஒன்றே ஒன்றில் இரண்டு வருடம் நில்லுங்கள்.

என்.எஸ்.எஸ். எடுத்தால் கணக்கு இது: வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்தில் 240, கூடவே ஏழு நாள் சிறப்பு முகாம். முகாமை விட்டுவிட்டு மணி நேரத்தை மட்டும் நிரப்பினால் முழுச் சான்றிதழ் கிடைக்காது. தசரா விடுமுறை முகாமுக்கு வீட்டில் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், குறிப்பாகப் பெண் பிள்ளைகள். ஒரு 40 பக்க நோட்டில் தேதி, செய்த வேலை, மணி நேரம், திட்ட அலுவலர் கையெழுத்து என்று நான்கு பத்தி போட்டு அன்றன்றே எழுதுங்கள். கடைசியில் மொத்தமாக எழுதும் நோட்டில் மணி நேரம் இருக்கும், ஆனால் என்ன செய்தோம் என்று கல்லூரி நேர்காணலில் கேட்டால் வாய் திறக்காது.

வேலையையும் ஊருக்குப் பொருத்தமாகத் தேர்ந்தெடுங்கள். மரக்கன்று நட்டுப் படம் எடுப்பதோடு முகாம் முடிந்துவிடுகிறது. இந்த இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் புளோரைடு பெரிய பிரச்சினை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். உங்கள் ஊரில் 30 வீட்டில் குடிக்க எந்தத் தண்ணீர், சமைக்க எந்தத் தண்ணீர், குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று கேட்டு அட்டவணை போட்டு ஊராட்சி அலுவலகத்தில் கொடுங்கள். கேள்வி தயாரிப்பது, ஆட்களைப் பிரிப்பது, தவறான பதிலைத் திரும்பச் சரிபார்ப்பது எல்லாம் அதில் வந்துவிடும். அதே போல, பத்து முடித்த தோழி பிளஸ் ஒன் சேரவில்லை, வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறது என்று தெரிந்தால் வகுப்பாசிரியரிடமோ குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ அன்றே சொல்லுங்கள். ஒரு மாணவத் தலைவி செய்யக்கூடிய வேலைகளில் இதைவிடப் பெரியது இல்லை.

‘ரிசல்ட் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்பது கடைசி வருடத் தவறு. சட்டத்துக்கான கிளாட் தேர்வு பன்னிரண்டாம் வகுப்பின் டிசம்பரிலேயே நடந்து முடிகிறது. ஜே.இ.இ. மெயின் முதல் கட்டம் ஜனவரியில். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் விண்ணப்பமும் ரிசல்ட்டுக்கு வெகு முன்பே முடிகிறது. காலாண்டு விடுமுறைக்குள் எந்தத் தேர்வு எழுதுவது என்று முடிவு செய்யாதவருக்கு மே மாதத்தில் மிஞ்சுவது உள்ளூர்க் கலந்தாய்வு மட்டும்தான்.

சான்றிதழ்களையும் அப்போதே தயார் செய்ய வேண்டும். ஆதார், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று வரிசையாக வைத்துப் பாருங்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவையில் பதிந்தால் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாலுகா அலுவலகம் என்று ஒவ்வொரு மேசையாகப் போகும். பழங்குடி மாணவருக்கான சான்றிதழ் கோட்டாட்சியரிடமிருந்து வர வேண்டும், விசாரணையும் உண்டு. அதற்குப் பிளஸ் ஒன் விடுமுறையிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணுக்குப் பேசலாம்.