வறண்ட நிலத்தில் நாட்டுச் செடித் தோட்டம்: தொடங்குவோருக்கான செய்முறை

காங்கேயம், தாராபுரம் பகுதிகளிலுள்ள கொறங்காடுகளில் முள்கிளுவை உயிர்வேலியாக நிற்க, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் மழையை மட்டுமே நம்பி வளர்கின்றன. அந்த மேய்ச்சல் நிலங்களின் முறையை வீட்டுத் தோட்டத்திலும் பின்பற்றலாம். அதற்கு வேண்டியது நிறைய தண்ணீர் அன்று, சரியான பருவம்.

முதல் தோட்டத்திற்கு ஆவாரை, நொச்சி, விராலி, முள்கிளுவை, வேலியில் படர்வதற்குப் பிரண்டை ஆகியவை போதும். உன்னிச்செடியும் வறட்சியைத் தாங்கும் என்றாலும், அது வெளிநாட்டிலிருந்து வந்து நம் காடுகளை ஆக்கிரமித்திருக்கும் செடி என்பதால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

ஆவாரை விதையைக் கடையில் தேட வேண்டியதில்லை. சாலையோரச் செடிகளில் காய்ந்து பழுப்பேறிய நெற்றுகளைப் பறித்து உடைத்தால் தட்டையான, கடினமான விதைகள் கிடைக்கும். தோல் கெட்டியாக இருப்பதால் அவற்றை அப்படியே விதைத்தால் பல விதைகள் மாதக்கணக்கில் மண்ணில் உறங்கிக் கிடக்கும். கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, சற்று ஆறியதும் விதைகளை அதிலிட்டு, ஓர் இரவு விட்டுவிடுங்கள்; காலையில் ஊதிப் பருத்திருப்பவற்றை மட்டும் எடுத்து விதைத்து, மாறாமல் இருப்பவற்றுக்கு மீண்டும் அதையே செய்யுங்கள். ஆடி மாதத்தில் பைகளில் விதைத்தால் நடவுக்குள் கன்றுகள் தயாராகிவிடும். ஆணிவேர் விரைவாக இறங்கும் செடி இது. வேர் பையின் அடியில் சுருளும் வரை காத்திருக்கக் கூடாது. நொச்சிக்கும் கிளுவைக்கும் விதை தேவையில்லை, பெருவிரல் பருமனுள்ள முற்றிய போத்துகளை வெட்டி ஊன்றினாலே துளிர்த்துவிடும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வதால், புரட்டாசியின் கடைசியிலோ ஐப்பசியிலோ மண் நன்கு நனைந்த பிறகு நடுங்கள். ஒன்றரை அடி ஆழக் குழி போதுமானது. தோண்டிய மண்ணையே திரும்ப இடுங்கள். உரமிட்டுக் கொழுக்க வைத்தால் தளதளவென்று இலை விடும் கன்று, வெயில் ஏறியதும் துவண்டுவிடும். சரிவான நிலமாயின் பள்ளப் பக்கத்தில் பிறை வடிவில் சிறு வரப்பு எடுத்தால், ஓடிப்போகும் மழைநீர் கன்றின் அடியிலேயே தேங்கி இறங்கும். அதன்மேல் காய்ந்த சருகை மூடாக்காகப் பரப்பி, தண்டைத் தொடாதவாறு ஒரு சாண் விலக்கி வையுங்கள்.

கவனம் முழுவதும் தேவைப்படுவது முதல் கோடைக்குத்தான். மாசியிலிருந்து வைகாசி வரை வாரத்திற்கு ஒரு முறை, ஒரு வாளி நீரை மெதுவாக ஊற்றுங்கள். நாள்தோறும் மேலாகத் தெளித்தால் வேர் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். இடைவெளி விட்டு ஆழமாக நனைத்தால்தான் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும். செடி வேர் பிடித்துவிட்டால், அடுத்த கோடையில் நீரைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடலாம்.

ஆவாரை இலைகளைப் பச்சைப் புழுக்கள் கடிப்பதைக் கண்டால் மருந்து தெளிக்காதீர்கள். வெளிர்மஞ்சள் நிற வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் அவை. அவை தின்ற கிளைகள் மீண்டும் துளிர்க்கும்.