கடினமான ட்ரம்ஸ் லிக் ஒன்றைக் கைக்கு அடங்கும்படி எளிதாக்குவது எப்படி?

யாரோ ஒருவர் வாசித்த லிக் (சின்ன அடிக்கோர்வை) ஒன்று மனதில் ஒட்டிக்கொள்கிறது. வீடியோவின் வேகத்தைக் குறைத்துப் பார்த்து, எந்தக் கை எங்கே விழுகிறது என்றுகூட எழுதி வைத்துவிட்டீர்கள். ஆனால் ஞாயிறு ஆராதனையில் அந்த இடம் வரும்போது கால் சிக்குகிறது, அடுத்த ‘ஒன்று’ பிந்தி விழுகிறது, பாடுகிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். “இன்னும் பயிற்சி எடு” என்றுதான் பலரும் சொல்வார்கள். பயிற்சி வேண்டும்தான். ஆனால் அடுத்த ஞாயிறும் வாசிக்க வேண்டுமே! அதற்கு வேறு வழி இருக்கிறது.

ஒரு லிக்கில் கேட்பவரின் காதில் நிற்கும் அடிகள் சிலதான். மீதியெல்லாம் இடையை நிரப்பும் அடிகள். நிற்பதை அதே இடத்தில் வைத்துக்கொண்டு நிரப்புவதைக் குறைத்தால், லிக்கின் உருவம் மாறாது, கையும் காலும் தப்பிக்கும். பிறகு, விட்ட அடிகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கலாம். நேரான ராக் பீட் ஒன்றைத் தடுமாறாமல் வாசிக்கத் தெரிந்தவர் எவரும் இதைச் செய்யலாம்.

எடுத்துக்கொள்ளும் லிக்

நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு பார். ஒவ்வொரு எண்ணிக்கையிலும் நான்கு அடி, மொத்தம் பதினாறு. ‘வ’ என்றால் வலது கை, ‘இ’ என்றால் இடது கை, ‘கா’ என்றால் கிக் ட்ரம்மில் கால். இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் கைகளை மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள்.

1: வ இ வ இ
2: கா கா வ இ
3: வ இ கா கா
4: வ இ வ இ

கைகளில் நான்கு, காலில் இரண்டு என்று ஆறு அடிகள் கொண்ட ஒரு கூட்டம். அது இரண்டு தடவை வந்து, கடைசியில் கைகளில் நான்கு அடியோடு முடிகிறது. 6 + 6 + 4 = 16. சேர்ச் பாடல்களிலும் பொப் பாடல்களிலும் இதன் சாயலில் நிறைய ஃபில் (பீட்டுக்கு நடுவே இடத்தை நிரப்ப வாசிப்பது) கேட்டிருப்பீர்கள்.

சிக்கல் மூன்று இடங்களில் இருக்கிறது. ஒரே காலால் அடுத்தடுத்து இரண்டு கிக் அடிப்பது முதலாவது. ஆறு ஆறாகப் போகும் கூட்டம் நாலு நாலாகப் போகும் எண்ணிக்கையோடு பொருந்தாமல் நழுவுவது இரண்டாவது. மூன்றாவது, கைகளை ஸ்நேரிலிருந்து (முன்னால் இருக்கும் ட்ரம்) டொம்களுக்கு (சுற்றியுள்ள மற்ற ட்ரம்கள்) நகர்த்துவது. மூன்றையும் ஒரே நேரத்தில் சமாளிக்கப் பார்ப்பதால்தான் சிக்கிக்கொள்கிறோம். இரண்டாவதிலிருந்து தொடங்குவோம். அதற்குக் குச்சி தேவையில்லை.

படி 1: வாயால் சொல்லுங்கள்

இதற்கு நம்மிடம் தாளத்தை வாயால் சொல்லும் சொற்கட்டு இருக்கிறது. தவில் பழகுகிறவர்கள் முதலில் வாயால் சொல்லி, பிறகுதான் தோலில் அடிப்பார்கள். கொழும்பில் ஆடிவேல் திருவிழாக் காலத்தில் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வேல் வரும்போது பக்கத்தில் நின்று கேட்டவர்களுக்கு, அந்த வேகத்திலும் சொற்கள் எவ்வளவு தெளிவாக விழுகின்றன என்பது தெரியும். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவில் பதிவுகளையும் தேடிக் கேளுங்கள். ட்ரம்ஸ் வாசிக்கிறவர்களுக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

நமது லிக்கைச் சொற்கட்டில் போட்டால்:

தகதிமி தோம்தோம் தகதிமி தோம்தோம் தகதிமி

‘தகதிமி’ கைகளுக்கு, ‘தோம்’ காலுக்கு. எல்லா எழுத்துக்கும் ஒரே நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோம் என்ற இடத்தில் இழுத்துவிடக் கூடாது.

இனி நடந்துகொண்டே சொல்லுங்கள். காலிமுகத்திடலிலோ வெள்ளவத்தைக் கடற்கரையிலோ மாலையில் நடக்கப் போகிறவர்களுக்கு இது வசதி. ஒரு எட்டுக்கு (காலடிக்கு) ஒரு எண்ணிக்கை. முதல் எட்டு முதல் ‘த’வில் விழும். இரண்டாவது எட்டு முதல் ‘தோம்’ மீது விழும். மூன்றாவதுதான் சிக்கலான இடம்: அது இரண்டாவது தகதிமியின் நடுவில், ‘தி’ மீது விழும். நான்காவது எட்டு கடைசித் தகதிமியின் ‘த’வில். அந்த ‘தி’யில் உங்கள் கால் தானாகவே நிலத்தைத் தொடும்வரை குச்சியை எடுக்க வேண்டாம். இது ஒருநாளில் வரலாம், ஒரு வாரமும் ஆகலாம். இங்கே செலவிடும் நேரம் வீண் போகாது. பின்னால் வரும் படிகளில் தடுமாறுகிற பலர், இந்தத் ‘தி’ எங்கே விழுகிறது என்று காதால் அறியாதவர்கள்தான்.

படி 2: வலது கையும் முதல் கிக்கும் மட்டும்

இடது கையை மடியில் வையுங்கள். இரண்டாவது கிக்கையும் விட்டுவிடுங்கள். மிஞ்சுவது இதுதான் (கோடு வந்தால் அந்த இடத்தில் அடி இல்லை):

1: வ – வ –
2: கா – வ –
3: வ – கா –
4: வ – வ –

பதினாறு அடி எட்டாகச் சுருங்கிவிட்டது. கூட்டமும் 3 + 3 + 2 ஆகிவிட்டது: தகிட தகிட தக. இரண்டு தகிடவிலும் கடைசி ‘ட’ கால். பாதியாகக் குறைத்தும் லிக்கின் நடை அப்படியே இருக்கிறது பாருங்கள், எனக்கு இந்த லிக் பிடித்ததற்கு அதுவே காரணம். வலது கையும் முதல் கிக்கும் முழு லிக்கில் எங்கே வருமோ அதே இடத்தில்தான் இங்கேயும் வருகின்றன. அதனால் இப்போது பழகும் எதையும் பின்னால் மறந்து புதிதாகப் பழக வேண்டியதில்லை.

மெட்ரோனோமை (தாளம் காட்டும் கருவி) 60இல், அதாவது நிமிடத்துக்கு 60 எண்ணிக்கையில் வையுங்கள். கை அடியெல்லாம் ஸ்நேரிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு கூட்டத்தின் முதல் அடியையும் கொஞ்சம் அழுத்தி அடியுங்கள். ஒன்றாம் எண்ணிக்கையில் ஓர் அழுத்தம், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே ஓர் அழுத்தம், நான்கில் ஓர் அழுத்தம். கேட்பவர் லிக்கை அடையாளம் கண்டுகொள்வது இந்த மூன்று அழுத்தங்களால்தான். என்ன குறைத்தாலும் இவற்றில் கை வைக்காதீர்கள்.

வேகத்தை மெல்ல 110 வரை கூட்டிப் பாருங்கள். இந்த வடிவம் ஆரம்பநிலைக்காரருக்கும் வந்துவிடும். 110இல் முழு லிக்கின் இரண்டு கிக்குகளுக்கும் இடையே கிடைப்பது ஏறத்தாழ 0.14 செக்கன். இந்த வடிவத்தில் ஒரு கிக்கிலிருந்து அடுத்த கிக்குக்கு ஏறத்தாழ 0.8 செக்கன் கிடைக்கிறது. கால் ஏன் இளகிப்போகிறது என்பது இந்த இரண்டு எண்ணிலேயே விளங்கும்.

படி 3: உடனே ஒரு பாட்டுக்குள் வையுங்கள்

இடது கையைச் சேர்க்க முன்பே இதைச் செய்ய வேண்டும். மூன்று பார் சாதாரண பீட், நான்காவது பாரில் படி 2இன் வடிவம், திரும்பவும் ‘ஒன்று’ வரும்போது கிராஷ் சிம்பலும் கிக்கும் சேர்த்து ஓர் அடி. இதை விடாமல் சுற்றிச் சுற்றி வாசியுங்கள். தனியாக வாசிக்கும்போது வராத பிழைகளெல்லாம் இங்கேதான் வரும்: பீட்டிலிருந்து ஃபில்லுக்குள் நுழையும்போது வேகம் கூடுவது, கிராஷ் முந்தி விழுவது. ஃபில் வாசிக்கும்போதும் வாய்க்குள் சொற்கட்டு ஓடட்டும்.

சனிக்கிழமை இரவாகிவிட்டது, நாளைக்கு வாசிக்க வேண்டும் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இது முழுமையான, மரியாதையான ஃபில். குறைத்து வாசித்தோம் என்று சபையில் ஒருவருக்கும் தோன்றாது.

படி 4: இடது கை

1: வ இ வ இ
2: கா – வ இ
3: வ இ கா –
4: வ இ வ இ

இடது கையை வலதின் பாதிச் சத்தத்தில் வையுங்கள், குச்சி தோலிலிருந்து இரண்டு அங்குலத்துக்கு மேல் எழ வேண்டாம். பலருக்கு இடது கைதான் வேகத்தை இழுத்துப் பிடிக்கும். அதற்குக் காரணம் பெரும்பாலும் அது வலதைப்போலவே உயரமாக எழுந்து விழுவதுதான். தாழ்வாக, மென்மையாக விழுந்தால் சத்தமும் ஒழுங்காகும், கையும் களைக்காது. கிக்குக்குப் பிறகுள்ள வெற்றிடத்தைக் கவனியுங்கள். அங்கே கை அவசரப்பட்டு முந்தப் பார்க்கும்.

படி 5: இரண்டாவது கிக்

மூன்று சிக்கல்களிலும் இதற்குத்தான் அதிக காலம் பிடிக்கும். கைகளை விட்டுவிட்டுக் காலை மட்டும் பழக்குங்கள். மெட்ரோனோம் 60, ஒவ்வொரு எண்ணிக்கையிலும் ‘தோம்தோம்’, பிறகு அடுத்த எண்ணிக்கைவரை ஓய்வு. பாதம் பெடலை விட்டு மேலே எழ வேண்டாம். முதல் அடி முடிந்ததும் பீட்டர் (பெடலில் உள்ள, தோலில் அடிக்கும் தண்டு) தோலிலிருந்து திரும்பி வர இடம் கொடுங்கள், தோலில் அழுத்திப் பிடித்துவிட்டால் இரண்டாவது அடி பிந்தும். முதல் கிக் பலமாகவும் இரண்டாவது மெலிந்தும் கேட்பது இயல்பு. முதலாவதைச் சற்று மென்மையாக்கினால் இரண்டும் சமப்படும். கணுக்கால் வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

60இல் இரண்டும் ஒரே சத்தத்தில் விழுந்தால் நான்கு நான்காகக் கூட்டுங்கள்: 64, 68, 72. ஒரு வேகத்தில் நான்கு தடவை பிழையின்றி வந்தால்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். பிறகு கைகளோடு சேருங்கள். முதலில் ஒரு கூட்டத்தில் மட்டும் இரண்டு கிக், மற்றதில் ஒன்று என்று வைத்தால் இன்னும் சுலபம்.

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கைகளைப் பிராக்டிஸ் பேடில் பழகலாம், கீழ்வீட்டுக்குக் கேட்பது கால்தான். ட்ரம் பெடல் இல்லாமல் கதிரையில் இருந்து, மடித்த பெட்ஷீட் மேல் பாதத்தால் தட்டினால் போதும். பெடலின் துள்ளல் அதில் கிடைக்காது, ஆனால் கை–கால் ஒழுங்கு அப்படியே பதியும். பெடல் பயிற்சியைக் கிட் கிடைக்கும் இடத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.

படி 6: டொம்களுக்கு நகர்வது

முதல் கூட்டம் ஸ்நேரில், இரண்டாவது சிறிய டொம்மில், கடைசி நான்கும் ஃப்ளோர் டொம்மில். கால் அடிக்கும்போது கைகள் சும்மா இருக்கின்றன அல்லவா, அந்த நேரத்தில்தான் நகர வேண்டும். ‘தோம்தோம்’ என்று சொல்லும்போதே குச்சிகள் அடுத்த ட்ரம்மின் மேல் போய் நிற்கட்டும். கடைசி அடி இடது கை என்பதால் வலது கை கிராஷுக்குப் போகவும் நேரம் இருக்கும். இதுவும் கஷ்டம் என்றால் சிறிய டொம்மை விட்டுவிட்டு, கடைசிக் கூட்டத்தை மட்டும் ஃப்ளோர் டொம்முக்குக் கொண்டுபோங்கள்.

வேறு லிக் என்றால்?

இதே கத்தரியை எந்த லிக்கிலும் வைக்கலாம். முதலில் அழுத்தமான அடிகளைக் குறித்துக்கொள்ளுங்கள், அவை இருந்த இடத்திலேயே இருக்கட்டும். ஒரே கையில் வரும் இரட்டை அடிகளை ஒற்றையாக்குங்கள். ஃப்ளாமை (இரண்டு கையும் சற்று முன்பின்னாக விழும் அடி) சாதாரண அடியாக்குங்கள். பல ட்ரம்களில் பரவியிருப்பதை ஸ்நேருக்குக் கொண்டுவாருங்கள். சிக்ஸ் ஸ்ட்ரோக் ரோலை எடுத்துக்கொண்டால் அது ‘வ இ இ வ வ இ’, அழுத்தம் முதலிலும் கடைசியிலும். இரட்டைகளை ஒற்றையாக்கினால் ‘வ இ – வ – இ’. இரண்டு அழுத்தமும் தப்பிவிட்டன. லிக்கிலே ஏற்கெனவே உள்ள வெற்றிடங்களை மட்டும் நிரப்பாதீர்கள். எளிதாக்குகிறேன் என்று அங்கே ஓர் அடியைப் போட்டால் லிக் வேறொன்றாகிவிடும்.

பைலாவில் இதே கூட்டம்

கொழும்பில் கலியாண வீடுகளில் வாசிக்கப் போகிறவர்கள் பைலா என்ற ஆட்டப் பாட்டு வகையைத் தப்ப முடியாது. அது 6/8 நடை, அதாவது ஒரு பாரில் மூன்று மூன்றாக ஆறு அடி, ஆகவே நமது ஆறடிக் கூட்டம் மிச்சமில்லாமல் ஒரு பாரில் அடங்கிவிடும்:

வ இ வ | இ கா கா

கூட்டம் பாருக்குள் அடங்கினாலும் எண்ணிக்கை விழும் இடம் வேறு. இரண்டாவது துடிப்பு இங்கே இடது கையில் விழுகிறது, அதனால் படி 4இல் தாழ்த்திய இடது கையை அந்த ஒரு அடியில் மட்டும் உயர்த்த வேண்டும். சொற்கட்டும் ‘தகதிமி தோம்தோம்’ என்று இல்லாமல், மூன்று மூன்றாக மனதில் ஓடட்டும்: ‘தகிட, ததோம்தோம்’. பைலா வேகத்தில் இரண்டாவது கிக் வராவிட்டால் ‘வ இ வ | இ கா –’ போதும். அதுவும் கடினமென்றால் ‘வ – – | இ கா –’ வாசியுங்கள், ஆடுகிறவர்கள் நிற்கமாட்டார்கள்.