நர்ஸிங் டிகிரி கையில் இருக்கிறதா? ராணுவ நர்ஸ் ஆவதற்கு இப்படித் தயாராகுங்கள்

என் சித்தி மகள் கடலூரில் பி.எஸ்சி நர்ஸிங் முடித்தவள். 2023 டிசம்பரில் ராணுவ நர்ஸிங் சேவைக்கு அறிவிப்பு வந்தது. விண்ணப்பிக்கத் தந்த நாட்கள் 11ஆம் தேதியிலிருந்து 26ஆம் தேதி வரைதான். டிகிரி இருந்தது, வயது சரியாக இருந்தது, ஆசை நிறைய இருந்தது. ஆனால் மாநில நர்ஸிங் கவுன்சிலில் பதிவு செய்வதை 'வேலை கிடைத்ததும் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப் போட்டிருந்தாள். பதினைந்து நாளில் அதை முடிக்க முடியவில்லை. அவளுக்கு நேர்ந்தது இன்னொரு பெண்ணுக்கு நேரக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ராணுவத்தில் பகுதிநேரமாக வேலை பார்க்கும் 'ரிசர்வ் நர்ஸ்' பற்றித் தேடினால் அமெரிக்க முறைதான் கண்ணில் படும். அங்கே வெளியில் வேலை பார்த்துக்கொண்டே மாதத்தில் ஒரு வார இறுதி பயிற்சிக்குப் போகலாம். நம் நாட்டில் டிகிரி முடித்தவருக்கு இருக்கும் வழி ராணுவ நர்ஸிங் சேவையின் குறுகியகாலக் கமிஷன், அதாவது குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் அதிகாரிப் பணி. இது முழுநேர வேலை. முதலில் 5 ஆண்டு, நீட்டிப்புக் கிடைத்தால் 14 ஆண்டு வரை. சேரும்போதே லெப்டினன்ட், அதாவது தோளில் இரண்டு நட்சத்திரம். 2023 அறிவிப்பு பெண்களுக்கு மட்டும் வந்தது. வயது வரம்பு 21 முதல் 35.

இப்போது முதல் படி: படிப்பு. பி.எஸ்சி, போஸ்ட் பேசிக் பி.எஸ்சி, எம்.எஸ்சி நர்ஸிங் எதுவானாலும் சரி. ஜி.என்.எம். டிப்ளமோ மட்டும் போதாது. அதன்மேல் போஸ்ட் பேசிக் முடித்திருக்க வேண்டும். கல்லூரிக்கு இந்திய நர்ஸிங் கவுன்சில் அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். புதுச்சேரி ஜிப்மர், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் படித்தவர்களுக்கு இதில் கவலை இருக்காது.

இரண்டாவது படிதான் எல்லாவற்றிலும் முக்கியம்: காகிதங்கள். கடைசித் தேர்வு முடிவு வந்த வாரமே கவுன்சில் பதிவுக்குப் போங்கள். நர்ஸ், மிட்வைஃப் இரண்டுக்கும் பதிவு வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை நம் இனிஷியல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் 'சு. கவிதா', ஆதாரில் 'கவிதா சுப்பிரமணியன்', டிகிரியில் 'கவிதா எஸ்' என்று இருக்கும். நமக்கு மூன்றும் ஒருவர்தான். ஆனால் வடக்கே உட்கார்ந்து சரிபார்ப்பவருக்கு மூன்று பேர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கும் பெயரை அடிப்படையாக வைத்து, ஆதாரை இப்போதே திருத்திக்கொள்ளுங்கள். அறிவிப்பு வந்தபிறகு திருத்த நேரம் இருக்காது.

இன்னொன்று, கடலூர்க்காரர்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும். டிசம்பர் நமக்கு மழைக்காலம். தானே புயல் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30. கரண்ட் போய், நெட் போய், பிரவுசிங் சென்டர் ஷட்டர் இறங்கிக் கிடக்கும் நாளில் கடைசித் தேதி வந்தால் என்ன செய்வீர்கள்? எல்லாச் சான்றிதழையும் ஸ்கேன் செய்து போனிலும் மெயிலிலும் வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு வந்த முதல் மூன்று நாளில் விண்ணப்பத்தை முடியுங்கள். ராணுவத்தின் 'ஜாயின் இந்தியன் ஆர்மி' தளத்தை வாரம் ஒருமுறை பார்ப்பது நல்லது.

மூன்றாவது, தேர்வு. கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். நர்ஸிங், ஆங்கிலம், பொது அறிவுத்திறன் கேட்பார்கள். வார்டில் கைப்பழக்கமாகச் செய்வதைப் பேப்பரில் போட்டுப் பழகுங்கள். ஒரு கணக்கு: 500 மி.லி. சலைன், 4 மணி நேரத்தில் ஏற வேண்டும், சலைன் ஏற்றும் குழாய் செட்டில் ஒரு மி.லி.க்கு 20 சொட்டு. 500ஐ 20ஆல் பெருக்கினால் 10,000. அதை 240 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு. இந்த மாதிரி தினம் ஐந்து கணக்கு போடுங்கள். கால்குலேட்டர் வேண்டாம்.

தேர்வில் தேறினால் நேர்காணல், அப்புறம் மருத்துவப் பரிசோதனை. நைட் டியூட்டி பார்க்கும் பெண்களுக்கு ரத்தசோகை சாதாரணமாக இருக்கும். ஹீமோகுளோபினை இப்போதே பார்த்துவிடுங்கள். காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடை போனால் உடம்பும் ஒரு கட்டுக்கு வரும்.

வீட்டில் கட்டாயம் வரும் கேள்வி: "கல்யாணம் ஆனா வேலை போயிடுமா?" அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. 1988இல் இந்தச் சேவையில் இருந்த ஒரு பெண் அதிகாரியை, அவர் திருமணம் செய்துகொண்டார் என்பதற்காகவே வெளியேற்றினார்கள். அந்த விதி 1995இல் நீக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அவரை நீக்கியது தவறு என்று சொல்லி 60 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. இன்று திருமணமானவர்களும் விண்ணப்பிக்கலாம். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். 2023இல் இந்தச் சேவையின் தலைமைக்கு வந்த மேஜர் ஜெனரல் இக்னேஷியஸ் டெலோஸ் ஃப்ளோரா நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

போஸ்டிங் நாட்டில் எங்கு வேண்டுமானாலும் வரும். அதனால் கொஞ்சம் இந்தி பழகிக்கொள்ளுங்கள். என் தங்கை இப்போது கவுன்சில் பதிவை முடித்துவிட்டாள், ஆதாரும் சரியாகிவிட்டது. நைட் டியூட்டிக்குக் கிளம்பும்போது பஸ் ஸ்டாப்பில் நின்று 'தர்த் கஹா(ம்) ஹை', வலி எங்கே இருக்கிறது, என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.