ஃபஸ் பெடலில் கேட்ட டிரான்சிஸ்டர் இல்லையா? கையில் இருப்பதைப் போடுங்கள்

சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊரில் உட்கார்ந்துகொண்டு, கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடலின் வரைபடத்தில் பிசி108 டிரான்சிஸ்டர் என்று இருக்கிறது, அதேதான் வேண்டும் என்று காத்திருந்தால் பெடல் முடியவே முடியாது. கோலாலம்பூர் ஜாலான் பாசார் போனால் கிடைக்கலாம், ஆனால் சில்லறைக் காசு சாமானுக்கு ஒரு நாள் போய்விடும். வீட்டில் கெட்டுப்போன கேசட் ரேடியோ இருந்தால் திறந்து பாருங்கள், சி945, சி1815 என்று எழுதிய டிரான்சிஸ்டர் பெரும்பாலும் ஒன்றிரண்டு இருக்கும். இரண்டு டிரான்சிஸ்டர் ஃபஸ்ஸுக்கு அவை தாராளமாகப் போதும்.

முதலில் கால் வரிசை, அதாவது எமிட்டர், பேஸ், கலெக்டர் என்ற மூன்று கால்களில் எது எங்கே என்பது. இதில்தான் எல்லாரும் விழுகிறார்கள். தட்டைப் பக்கம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து வலமாக 2என்3904-க்கு எமிட்டர், பேஸ், கலெக்டர். பிசி547, பிசி549-க்கு அப்படியே தலைகீழ், கலெக்டர், பேஸ், எமிட்டர். சி945, சி1815 இரண்டுக்கும் கலெக்டர்தான் நடுவில், எமிட்டர் இடது, பேஸ் வலது. நான் முதன்முதலில் 3904 இடத்தில் 547-ஐ அதே திசையில் செருகிவிட்டேன். சத்தம் வந்தது, அதுதான் என்னை ஏமாற்றியது, ஏனென்றால் கலெக்டரும் எமிட்டரும் மாறினாலும் டிரான்சிஸ்டர் குறைந்த கெயினில், அதாவது குறைவாகப் பெருக்கி, வேலை செய்யும். மெலிந்த சத்தத்துக்குக் காரணம் தேடி மூன்று ராத்திரி மற்ற இடமெல்லாம் ஈயத்தை உருக்கிக்கொண்டிருந்தேன்.

அடுத்து என்பிஎன்னா பிஎன்பியா என்று பாருங்கள், இரண்டுக்கும் மின்சாரம் ஓடும் திசை நேரெதிர். 1966-இல் லண்டனில் வந்த ஃபஸ் ஃபேஸ் என்ற பெடலில் முதலில் இருந்தவை ஜெர்மேனியம் பிஎன்பி, பிறகுதான் சிலிக்கான் வந்தது. பழைய வரைபடத்தில் என்பிஎன் போடுவதாக இருந்தால் பேட்டரியையும் பிளஸ் மைனஸ் பார்த்துப் போடுகிற எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்களையும் திருப்பிப் போட வேண்டும்.

அப்புறம் கெயின். மல்டிமீட்டரில் கெயினை அளக்கும் எச்எஃப்இ துளை இருந்தால் ஒவ்வொன்றையும் அளந்து, வந்த அளவைத் துண்டுக் காகிதத்தில் எழுதி அதோடு ஒட்டி வையுங்கள். ஒரே பெயருக்குள்ளேயே நிறைய வித்தியாசம் வரும், பிசி549சி என்றால் 420 முதல் 800 வரை எதுவும் இருக்கலாம். அவ்வளவு கெயின் ஃபஸ்ஸில் இரைச்சலாகவும் கீச்சலாகவும் கேட்கும், எனக்கு 100, 150 பக்கம் இருப்பதுதான் பிடிக்கும். அதிகக் கெயினைத்தான் போட்டாக வேண்டும் என்றால் கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவே 47 முதல் 100 பிகோஃபாரட் வரை ஒரு சின்ன கெப்பாசிட்டர் வையுங்கள், கீச்சல் அடங்கும்.

ஜெர்மேனியம் கிடைத்தால் சந்தோஷம்தான், ஆனால் நம் ஊர் வெயிலை மறக்காதீர்கள். சூடு ஏற ஏற அதில் கசிவு மின்னோட்டம் கூடும், தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் ஒரு சத்தம், ராத்திரி இன்னொரு சத்தம். மீட்டர் அந்தக் கசிவையும் கெயினாகச் சேர்த்துக் காட்டிவிடும், அதனால் விரல் சூடு ஏறும்படி பிடித்துக்கொண்டு அளக்காதீர்கள்.

எதைப் போட்டாலும் பயாஸை, அதாவது கிட்டார் வாசிக்காதபோது டிரான்சிஸ்டரில் நிற்கும் வோல்ட்டை, சரிசெய்தே ஆக வேண்டும். ஃபஸ் ஃபேஸ் வகை என்றால் இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் இருக்கும் 8.2 கிலோஓம் ரெசிஸ்டர் இடத்தில், திருப்பி மாற்றக்கூடிய 10 கிலோஓம் டிரிம்பாட் வைத்து, 9 வோல்ட் பேட்டரியில் கலெக்டர் 4.5 வோல்ட் பக்கம் வரும்வரை திருப்புங்கள், அதன்பிறகு மீட்டரை வைத்துவிட்டுக் காதால் கேட்டுக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்துங்கள்.

இத்தனையும் சாக்கெட்டில் மாற்றி மாற்றிச் செருகிப் பார்க்கும்போதுதான் சுலபம். ஆனால் திருவிழா மேடைக்குப் போகிற பெடல் என்றால் கடைசியில் நேராக ஈயம் வைத்துவிடுங்கள், லோரியில் ஏற்றி இறக்குகிற குலுக்கலில் டிரான்சிஸ்டர் கழன்று வந்துவிடும்.