கழிவுநீர்க் குளத்துப் பாசி: மயில்துத்தத்தைத் தொடும் முன்

கழிவுநீர்க் குளங்களைப் பராமரிக்கப் புதிதாக வருவோர், எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகளைச் செய்வதைக் காண்கிறேன். மிதக்கும் குப்பையை அள்ளுவது போன்றவற்றை எவரும் சொல்லித் தருவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பச்சையெல்லாம் பகை என்று எண்ணுதல்

பகலில் பாசி வெளியிடும் ஆக்சிஜனைக் கொண்டே பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைக்கின்றன. ஆகவே சீராகப் பரவிய பச்சை நல்லதே. காற்று தள்ளும் மூலையில் பெயிண்ட் கொட்டியதுபோல் திரளும் நீலப்பச்சைப் பாசிக்குத்தான் அஞ்ச வேண்டும்.

படர்ந்தபின் மயில்துத்தம் போடுதல்

இன்றும் என்னைச் சினமூட்டும் தவறு இது. ஒரு நிலையத்தில், ஆய்வுக்கு அதிகாரிகள் வருகிறார்கள் என்ற அவசரத்தில், பாசியைக் கொல்லும் செம்பு உப்பான மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) சாக்கில் கட்டிப் பரிசலின் பின்னால் இழுத்துக் குளம் முழுதும் சுற்றினார்கள். சில நாள்களில் பச்சை மறைந்தது. ஆனால் செத்த பாசி அழுகி, எஞ்சிய ஆக்சிஜனையும் தின்று தீர்த்ததால், நீர் பழுப்பாகி, அழுகிய முட்டை நாற்றம் பக்கத்துத் தெருக்கள் வரை வீசியது. பாசியைத் தின்னும் டாப்னியா போன்ற சிற்றுயிர்களையும் செம்பு கொன்றுவிடுகிறது; பின்னர் கசடில் தங்கி, அதை உரமாக்கவும் தடையாகிறது.

இதைவிடக் கொடியது நஞ்சு. மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நீலப்பச்சைப் பாசிகள் உயிரோடிருக்கும்போது தம் செல்லுக்குள் பெரும்பாலும் அடக்கி வைத்திருக்கும் நஞ்சு, செல் உடைந்ததும் நீரில் கரைந்துவிடும். 1979இல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில், பாசி படர்ந்த குடிநீர் அணையில் மயில்துத்தம் இட்ட சில நாள்களில், பெரும்பாலும் குழந்தைகளாக ஏறத்தாழ 150 பேர் கல்லீரல் பாதிப்புடன் நோயுற்றனர். கழிவுநீர்க் குளத்திலும் செல் உடையும் விதம் அதுவே. வெளியேறும் நீர் தீவனப்புல்லுக்குப் பாயும் இடங்களில், அதைக் குடிக்கும் மாடுகளை நினைத்தேனும் கையை நிறுத்துங்கள்.

நண்பகலில் மட்டும் ஆக்சிஜன் அளத்தல்

பகலில் பாசி ஆக்சிஜன் வெளியிடுவதால், நண்பகல் அளவு ஏமாற்றும்; இரவில் அது நின்றுவிடுவதால், விடியுமுன் அளந்து பாருங்கள்.

மேற்பரப்பு நீரையே வெளியேற்றுதல்

வெளிவாயிலில் தடுப்பு பொருத்தி, பாசி அடுக்குக்குக் கீழிருந்து நீரை எடுங்கள்.

கசடை மறத்தல்

கசடு ஏற ஏற, நீர் தங்கும் காலம் குறைகிறது. அடியிலிருந்து பாஸ்பரஸ் கரைந்து பாசிக்கு உணவாகிறது. வெள்ளைத் துண்டு சுற்றிய கம்பை மெதுவாகத் தரைவரை இறக்கித் தூக்கினால், துண்டில் கறை படிந்த உயரமே கசடின் உயரம். காற்றில்லாக் குளத்தில், அதாவது ஆக்சிஜன் இன்றியே கழிவு சிதையும் குளத்தில், கசடு ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டியதும் தூர்வாரிவிடுங்கள்.