கேம் கம்ப்யூட்டர் பாதியில் அணைகிறதா? சுவரிலிருந்து தொடங்குங்கள்

என்னிடம் கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு வருகிற தம்பிகள் பெரும்பாலும் ஒரே வரிதான் சொல்வார்கள்: "கேம் ஆடும்போது ஆஃப் ஆயிருது அண்ணாச்சி." எப்படி ஆஃப் ஆகிறது என்று கேட்டால் யோசிப்பார்கள். அந்தப் பதிலில்தான் பாதி வேலை இருக்கிறது. எல்லாமே பட்டென்று இருண்டு, லைட்டும் ஃபேனும் சேர்ந்து நின்றால் மின்சாரம் அல்லது எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டர் பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) பக்கம் பார்க்க வேண்டும். நீலத் திரை வந்தால் ரேம், பிராசஸர், டிரைவர். படம் மட்டும் போய் ஹெட்போனில் சத்தம் தொடர்ந்து கேட்டால் கிராபிக்ஸ் கார்டு, அதன் டிரைவர், அதற்குப் போகும் ஒயர். ஒரே ஒரு கேம் மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப்புக்கு வந்தால், வேறு கேம் ஆடிப் பார்க்கும்வரை எதையும் கழற்ற வேண்டாம்.

ஒரு நோட்டை எடுத்து, ஒவ்வொரு முறையும் நேரம், என்ன கேம், எவ்வளவு நேரம் ஓடியது, அப்போது வீட்டில் வேறு என்ன ஓடியது என்று எழுதுங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். முன்னீர்பள்ளத்துத் தம்பி ஒருவர் எழுதி வந்த நேரங்களைப் பார்த்தால், எல்லாம் சாயங்காலம் வீட்டில் மோட்டார் போடுகிற நேரம். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் மேஜைக்கு வீட்டு மெயின் சுவிட்ச் போர்டிலிருந்து தனி லைன் இழுத்ததோடு சரியாகிவிட்டது.

வயரிங் வேலையிலிருந்து கம்ப்யூட்டருக்கு வந்தவன் நான். பாளையங்கோட்டை மகாராஜநகரில் வீட்டு முன்னறையில்தான் சர்வீஸ் பார்க்கிறேன். நெல்லைச் சுற்று வட்டாரத்தில் கம்ப்யூட்டர் தடுமாறினால் முதலில் சுவரை, அதாவது கரண்ட் வருகிற பிளக் பாயின்டைப் பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான். புது பாகம் வாங்குவது அதற்கெல்லாம் பிறகு.

மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவரை வைத்து மூன்று அளவு எடுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 230 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். 207 முதல் 253 வரை ஏற்கலாம். பேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு வரவேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்றிரண்டு வோல்ட்தான் நல்லது. எர்த் அளவு பாதியாக வந்தாலோ, முள் நிலையில்லாமல் ஆடினாலோ அந்த வீட்டில் எர்த் இல்லை என்று அர்த்தம். கேபினெட்டைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்று இழுப்பதும் இதனால்தான். திசையன்விளை, உவரிப் பக்கம் தேரி மணலில் எர்த் குழி கோடையில் எலும்பாகக் காய்ந்துவிடும். கரியும் உப்பும் போட்ட குழியாக இருந்தாலும் தண்ணீர் ஊற்றாமல் விட்டால் வேலை செய்யாது. சித்திரை, வைகாசியில் மறக்காமல் ஊற்றுங்கள். வீட்டில் ஒரு பல்பு பளீரென்று எரிந்து இன்னொன்று மங்கினால் நியூட்ரல் லூஸ். அப்போது கம்ப்யூட்டரை மறந்துவிட்டு மெயினை அணைத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அது வீட்டுக்கே ஆபத்து.

அடுத்தது இன்வெர்ட்டரும் யூபிஎஸ்ஸும். கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் அந்த இடைவெளியை எஸ்எம்பிஎஸ் தன் கபாசிட்டரில் இருக்கும் சக்தியால்தான் தாண்டுகிறது. முழுச் சுமையில் அது தாங்குவது சுமார் 16 மில்லி செகண்ட். வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவற்றின் பின்னால் நார்மல், யூபிஎஸ் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். நார்மலில் இருந்தால் மாறுவதற்கு அதைவிட அதிக நேரம் எடுக்கும். யூபிஎஸ் பக்கம் தள்ளுங்கள். கடையில் சல்லிசாகக் கிடைக்கும் 600 விஏ யூபிஎஸ் தருவது பெரும்பாலும் 360 வாட் அளவுதான். நடுத்தரக் கார்டு போட்ட கம்ப்யூட்டர் கேமில் அதைத் தொட்டுவிடும். பிரவுசர் ஓடும்போது தாங்கிவிட்டு, கேம் ஓடும்போது கரண்ட் போனால் எல்லாம் சேர்ந்து அணையும். சைன் வேவ் யூபிஎஸ்ஸாக, வாட்டைப் பார்த்து வாங்குங்கள்.

சுவர் சரி என்றால் உள்ளே வரலாம். பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கிற மென்பொருள்) எல்லாவற்றையும் டிஃபால்டுக்குக் கொண்டுவாருங்கள். எக்ஸ்எம்பி, எக்ஸ்போ (இரண்டும் ரேம் வேகத்தைக் கூட்டுபவை), ஓவர்கிளாக் (இயல்பை மீறிய வேகம்), அண்டர்வோல்ட் (இயல்பைவிடக் குறைந்த வோல்டேஜ்), எல்லாமே. எக்ஸ்எம்பி என்பது பெட்டியில் அச்சடித்த வேகமாக இருந்தாலும் அது ஓவர்கிளாக்தான். டிஃபால்டில் தடுமாற்றம் நின்றால் காரணம் கையில் கிடைத்த மாதிரி. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பப் போடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது. இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

ரேமைச் சோதிக்க மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருள். பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்து, நான்கு பாஸும் (முழுச் சுற்றும்) முடியும்வரை ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு எரர் வந்தாலும் அது எரர்தான், "ஒண்ணுதானே" என்று விடக்கூடாது. எரர் வந்தால் ஒரே ரேமைப் போட்டு மறுபடி ஓட்டுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் இரண்டு ரேம் போடுவதானால், பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான் சரியான இடம். போர்டு புத்தகத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் ரேமைக் கழற்றி அதன் பொன்னிறக் காலைப் பாருங்கள். உப்புக்காற்றில் மங்கியிருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு மெதுவாகத் துடைத்து, காய்ந்த பிறகு மாட்டுங்கள். இதிலேயே சரியான கம்ப்யூட்டர்கள் உண்டு.

விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் ஈவன்ட் வியூவரில் "கர்னல் பவர் 41" (Kernel-Power 41) என்று பார்த்ததும் எஸ்எம்பிஎஸ் போச்சு என்று பயப்பட வேண்டாம். ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் கம்ப்யூட்டர் நின்றது என்று மட்டும்தான் அது சொல்கிறது, காரணத்தைச் சொல்லாது. அதற்கு முன்னே "வியா லாகர் 18" (WHEA-Logger 18) இருக்கிறதா என்று தேடுங்கள். அது இருந்தால் வன்பொருளில்தான் பிழை. பெரும்பாலும் பிராசஸர், அதன் வோல்டேஜ் பக்கம் போகலாம். இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர் வைத்திருப்பவர்கள் பயாஸ் தேதியைக் கட்டாயம் பாருங்கள். அதிக வோல்டேஜால் அவற்றில் சில தேய்ந்துபோகின்றன என்று இன்டெல்லே ஒத்துக்கொண்டு, 2024 ஆகஸ்டிலிருந்து திருத்தங்கள் விட்டது. பாதிக்கப்படக்கூடிய மாடல்களுக்கு வாரன்டியையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. பயாஸ் ஏற்றும்போது கரண்ட் போனால் போர்டே போகலாம். ஆகவே பராமரிப்பு மின்தடை அறிவித்திருக்கிற நாளில் அந்த வேலை வேண்டாம்; மற்ற நாளிலும் யூபிஎஸ்ஸில் வைத்தே செய்யுங்கள்.

சூட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மார்கழி ராத்திரியில் சோதித்துவிட்டு நல்லா ஓடுது என்று சொல்லாதீர்கள். மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கிற அறையில், கத்திரி வெயில் மத்தியானம் இரண்டு மணிக்கு ஓட்டிப் பாருங்கள். அறைச் சூடு 10 டிகிரி ஏறினால் உள்ளேயும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும். சூட்டைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். ரைசன் 5 5600க்கு எல்லை 90 டிகிரி, ரைசன் 7000 வரிசையில் பலவற்றுக்கு 95, இன்டெல்லில் பலவற்றுக்கு 100. எல்லையைத் தொட்டால் பிராசஸர் முதலில் வேகத்தைத்தான் குறைக்கும், உடனே அணையாது. கேம் தொடங்கிய சில நொடிகளிலேயே எல்லைக்குப் போய் அணைந்தால் கூலர் சரியாக உட்காரவில்லை. கழற்றிப் பாருங்கள், அடியில் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டியிருப்பார்கள். பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் ஆனி ஆடிக் காற்றில் ஃபில்டர் சீக்கிரமே புழுதியில் அடைந்துவிடும். புளோயர் அடிக்கும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேமில் மட்டும் அணைகிறது, சூடும் சரி, ரேமும் சரி என்றால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள், காசு செலவில்லை. ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கிராபிக்ஸ் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கி, கேமில் ஃபிரேமையும் நொடிக்கு 60க்குக் கட்டி ஆடுங்கள். தடுமாற்றம் நின்றால் பெரும்பாலும் கார்டுக்கு மின்சாரம் போகும் பாதையில்தான் கோளாறு. கார்டில் இரண்டு 8 பின் இருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனி ஒயர் போகட்டும். ஒரே ஒயரின் இரண்டு வாயை மாட்டாதீர்கள். 16 பின் ஒயர் என்றால் இடைவெளி தெரியாத அளவுக்கு முழுதாக உள்ளே போக வேண்டும். வேறு கம்பெனி எஸ்எம்பிஎஸ்ஸின் மாடுலர் (கழற்றி மாட்டும்) ஒயரை ஒருபோதும் மாட்டாதீர்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே பின் வரிசை மாறியிருக்கலாம், எல்லாம் எரிந்துபோகலாம். அதற்குப் பிறகும் அணைந்தால் நண்பரிடம் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை, அதன் சொந்த ஒயர்களோடு இரவல் வாங்கி ஓட்டிப் பாருங்கள். பழையதைத் திறந்து பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம்.

படம் போய்ச் சத்தம் மட்டும் வருகிற ரகத்துக்கு, விண்டோஸை சேஃப் மோடில் திறந்து, டிடியு (DDU) என்ற டிரைவர் நீக்கும் மென்பொருளைக் கொண்டு பழைய டிரைவரைச் சுத்தமாக நீக்கிப் புதிதாக ஏற்றுங்கள்.

கடைசி வழி, போர்டை வெளியே எடுத்து அதன் அட்டைப்பெட்டி மேலேயே வைத்து, பிராசஸர், ஒரு ரேம், கார்டு, ஒரு எஸ்எஸ்டி மட்டும் மாட்டி ஓட்டுவது. வெளியே ஒழுங்காக ஓடி, உள்ளே வைத்தால் தடுமாறினால் போர்டுக்கு அடியில் தேவையில்லாத இடத்தில் ஸ்டாண்டாஃப் (போர்டைத் தாங்கும் சின்னத் திருகுக் கால்) ஒன்று முட்டிக்கொண்டிருக்கலாம். கிராமத்து வீடுகளில் எறும்புப் புற்றும் பல்லியும்கூட இருக்கும். டார்ச் அடித்து நிதானமாகப் பாருங்கள்.

இதற்கும் சரிவராமல் யாரிடமாவது கொண்டுபோவதாக இருந்தால், கிராபிக்ஸ் கார்டையும் பெரிய டவர் கூலரையும் கழற்றிவிட்டுக் கொண்டுபோங்கள். அம்பையிலிருந்து பஸ்ஸில் குலுங்கி வந்த கார்டு, ஸ்லாட்டையே பெயர்த்துவிட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். கூடவே அந்த நோட்டையும், ஒவ்வொரு பாகத்தின் பில்லையும், சீரியல் ஸ்டிக்கர் கிழியாத பெட்டிகளையும் எடுத்துப்போங்கள். வாரன்டிக்கு அனுப்பும்போது அவைதான் கேட்பார்கள்.